கழட்டாதீங்க, அப்படியே வாங்க

வாசல் மிதியடியில் இரண்டு ஈரத்தடங்கள் இருந்தன. யாரோ வெகுநேரம் கதவைப் பார்த்தபடி நின்ற தடம். மாடிப்படியில் ஏறிவந்த தடம் ஒன்றுகூட இல்லை.

"பிராக்காரனுக்குக் கூச்சம் ஜாஸ்தி. தட்டலாமா வேண்டாமான்னு யோசிச்சே விடிஞ்சிருக்கும்," என்று கணவன் ராடிம் சிரித்தான்.

ஹெட்விகாவும் சிரித்து வைத்தாள். ஒஸ்ட்ராவாவிலிருந்து குளிர்கால விடுமுறைக்குப் பிராக் நகரத்துக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. ஆற்றங்கரையில் பழைய கட்டடம், மூன்றாம் மாடி, பத்து நாள் வாடகை. முந்தின நாள் முழுக்க ஆறு வயது மகள் யோலானா அன்னங்களைத் துரத்தினாள். பாலத்தில் பனி கொட்டக் கொட்ட மூவரும் ஒரே தட்டில் சுட்ட சாஸேஜ் தின்று, கடுகுச் சாந்து மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எவ்வளவு நாள் ஆசை இது! ஒரு ஈரத்தடமா கெடுத்துவிடும் என்று துடைத்துப் போட்டாள்.

மறுநாள் காலையில் மறுபடியும் அதே தடம், கதவுக்கு இன்னும் நெருக்கமாக. குனிந்து முகர்ந்தாள். பனி வாடை இல்லை. ஆற்றுச்சேற்று வாடை அடித்தது.

அன்று கரையில் நடக்கும்போது அவளுக்கு மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை.

"அம்மா, கையை ஏன் இப்படி நசுக்கறே? வலிக்குது," என்றாள் யோலானா.

நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. வீடு திரும்பியதும் யோலானா சிவப்பு பூட்ஸைக் கழற்றி வாசல் அலமாரியில் வைத்துவிட்டு, அலுப்பில் தூங்கிப்போனாள். கீழே பீர் வாங்கப் போன ராடிம் கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போயிருந்தான். ஹெட்விகா சமையலறையில் மாவு பிசைந்தாள். சூடேற்றும் குழாய்களுக்குள் தண்ணீர் தொண்டை கனைப்பதுபோல ஓடுவதும், ஜன்னல் கண்ணாடியில் பனி உரசுவதும், எங்கிருந்தோ மெல்ல மெல்ல அந்தச் சேற்று வாடை ஏறி வருவதும் அவளைச் சுற்றி நடந்துகொண்டிருந்தன. குழாயைப் பார்க்க ஆள் அனுப்புவதாக வீட்டுக்காரர் காலையில் சொல்லியிருந்தார்.

கதவு தட்டப்பட்டது.

"உள்ளே வரலாங்களா? ஷூவைக் கழட்டிடட்டுமா?" மரியாதையான ஆண்குரல்.

அவள் கையெல்லாம் மாவு. "அட, அதெல்லாம் எதுக்குங்க? கழட்டாதீங்க, அப்படியே வாங்க!"

அந்த நாட்டில் எந்த வீட்டுக்காரியும் வாய்வார்த்தைக்குச் சொல்வதுதான். எந்த விருந்தாளியும் அதைக் கேட்பதில்லை. "இருக்கட்டுங்க" என்று கழற்றிப் போட்டு, வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வருவான். கழற்றாமல் வந்த ஒருவனை ஹெட்விகா பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

கதவு திறந்து மூடியது. ஷூக்கள் தரையில் விழும் 'தப், தப்' ஓசைக்காகக் காத்திருந்தாள்.

விழவில்லை.

சளக். சளக். சளக்.

"ஏங்க?"



ஓடிவந்தாள். நடையில் ஆள் இல்லை. தரையில் ஈரத்தடங்கள். சமையலறையைத் தாண்டி. குழந்தையின் அறைக்குள். கட்டில் வரை. திரும்பி வந்த தடம் இல்லை.

யோலானா போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். ஐயோ என் தங்கமே! போர்வையோடு வாரியெடுத்து நடையிலிருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பியது. பிஞ்சுக் கைகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன.

"ஒண்ணுமில்லடா கண்ணு. அப்பா வந்துடுவாரு."

குழந்தை கனத்தது. காலையில் தூக்கியபோது இவ்வளவு கனமில்லை.

எதிரே வாசல் அலமாரி. சிவப்பு பூட்ஸ் அங்கே இல்லை.

கதவுக்கு வெளியே ஏதோ விழுந்தது.

தப்.

தப்.

பிறகு கதவின் கீழ்ப்பாதியில் சின்னக் கையொன்று தட்டியது.

"அம்மா... குளிருதும்மா. நான் ஷூவைக் கழட்டிட்டேன். உள்ளே வரட்டா?"

யோலானாவின் குரல்.

ஹெட்விகாவின் மடி நனைந்துகொண்டிருந்தது. போர்வை நழுவியது. இரண்டு சின்னக் கால்கள். கறுப்புத் தோல் ஷூக்கள், இறுகக் கட்டிய நாடா, சொட்டும் ஆற்றுச்சேறு.

எழப் பார்த்தாள். கழுத்தைச் சுற்றியிருந்த பிஞ்சுக் கைகள் மெல்ல இறுகின.