நேர் விமானம் இல்லாத ஊர்

காலையில் மழமழவென்று சவரம் செய்த தாடை, விமானம் மேகத்தைத் தாண்டுவதற்குள் சொரசொரத்தது. கணக்காளர் தடவிப் பார்த்துவிட்டு பிளேடின் மேல் பழியைப் போட்டார். பழியை வேறெங்காவது இறக்கி வைப்பது அவருக்குக் கைவந்த கலை.

வேலை பார்க்கும் ஊரிலிருந்து அம்மாவின் ஊருக்கு விமானத்தில் நாற்பது நிமிடம்தான். கொடுத்த காப்பியை ஊதிக் குடிப்பதற்குள் இறக்கிவிடுவார்கள். அம்மாவிடம் அவர் சொல்லிவைத்திருந்த தூரம் வேறு. "நேர் விமானம் கிடையாதும்மா. மூணு எடத்துல மாறணும், ரெண்டு நாள் ஆயிடும்." வருடக்கணக்காக இதே பாட்டு. அம்மாவோ, பிள்ளை அத்தனை தொலைவில் இருக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டாள்.

ஏறுவதற்கு முன் அக்கா போனில் பேசினாள்.

"டேய், மூச்சு இழுக்குதுடா அம்மாவுக்கு. உன் மூஞ்சியப் பாக்காமப் போகமாட்டாளாம். மொட்டை மாடியில கட்டிலப் போடச் சொல்லி அங்கதான் கெடக்கா. தலைக்கு மேல விமானம் இறங்கும்போதெல்லாம் நீ வந்துட்டியான்னு கேக்குறா. உன் ஊர்லருந்து நேர் விமானம் இல்லம்மா, ரெண்டு நாளாகும்னு சொல்லி வச்சிருக்கேன். சரிதானே?"

உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். வெட்கம் விடவில்லை.

"சரிதாங்க்கா."

இப்போது ஜன்னலில் சாயங்கால வெயில் ஒட்டிவைத்தது போல அசையாமல் நின்றது. இயந்திரத்தின் ரீங்காரத்துக்கு அடியில் யாரோ கஷ்டப்பட்டு மூச்சு இழுப்பது போல இன்னொரு சத்தம், நின்று நின்று, இழுத்து இழுத்துக் கேட்டது. பக்கத்து இருக்கைக்காரர் செய்தித்தாளின் அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். காப்பியின் மேல் ஆடை படிந்து, அதன் மேல் பூசணம் பூத்து, புளித்த வாடை அடித்தது.

"எப்பம்மா இறங்குவோம்?"

"இன்னும் நாப்பது நிமிஷம் சார்," என்றாள் பணிப்பெண்.

தாடி கழுத்தைத் தொட்டபோதும் கேட்டார். அதே பதில். சட்டைப் பொத்தானைத் தொட்டபோது அது நரைத்திருந்தது. நகங்கள் சுருண்டு கோப்பையில் இடித்தன.

எழுந்து நின்றார்.

"நான் பொய் சொன்னேம்மா. பக்கத்து ஊர்தான். போக மனசில்லாமத்தான் அப்படிச் சொன்னேன்."

யாரும் திரும்பவில்லை. பணிப்பெண் குழந்தையை உட்கார வைப்பது போல அவரை உட்கார வைத்தாள்.

"பெல்ட்டப் போட்டுக்கோங்க சார். நீங்க இன்னும் மூணு எடத்துல மாறணும்ல."

விமானம் தாழ்ந்தது. சக்கரம் இறங்கும் சத்தம். கீழே அம்மாவின் மொட்டை மாடி. கட்டில். பக்கத்தில் விசிறியோடு அக்கா.

தரை தொடவில்லை. மேலே ஏறியது.

மறுபடி தாழ்ந்தது. அக்காவின் தலை முழுக்க வெள்ளை.

மறுபடி. அக்கா இல்லை.

மறுபடி. சுவரைப் பிளந்து மரம் நின்றது. படிக்கட்டு இல்லை. தெருவே இல்லை.

கட்டில் இருந்தது.

அதில் கிடந்த எலும்புக்கூட்டின் நெஞ்சு இன்னும் மேலும் கீழும் ஏறி இறங்கியது. கண் இருந்த குழிகளுக்கு மேல் வெயிலுக்காகக் கையை வைத்துக்கொண்டு, விமானம் போகும் பக்கமெல்லாம் அது தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தது.