மச்சானின் கால்

மலைச்சாலையின் உச்சிக்கு லாரிக்காரன் வந்து சேர்ந்தபோது பகல் மணி மூன்றுகூட ஆகவில்லை. ஆனாலும் எதிரே சாலையைக் காணோம், வெறும் பனிமூட்டம். பின்னால் கோத்த டிரெய்லரில் வீட்டுச் சாமான் மொத்தமும், பக்கத்து இருக்கையில் ஏழு மாத வயிற்றோடு மனைவி.

டிரெய்லர் அவள் அண்ணனுடையது. தெருவில் அவருக்குப் பெயர் சட்டாம்பிள்ளை. அடுத்த வீட்டுக் குழாய் ஒழுகினாலும் யோசனை சொல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. டிரெய்லர் ஆடினால் பிரேக்கை ஓங்கி மிதி என்பது அவர் வகுத்த சட்டம். போன வருஷம் இதே இறக்கத்தில் அப்படி மிதித்துத்தான் போய்ச் சேர்ந்தார். வண்டி நின்றது, டிரெய்லர் நிற்கவில்லை. மடங்கி வந்து, அவரைக் கதவோடு சேர்த்து நசுக்கிவிட்டது. டிரெய்லருக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். அதை மாட்டிக்கொண்டு போகாதே என்று தெருவே சொன்னது. அவன் காதில் வாங்கினால்தானே?

மனைவி மட்டும் லேசுப்பட்டவளா? புது வீட்டுக்குள் பீரோ முதலில் போகட்டும் என்று அதைக் கடைசியாக ஏற்றச் சொன்னாள். டிரெய்லரின் முன்பக்கம் தலையணை மூட்டை, வால்பக்கம் இரும்பு பீரோ.

இரண்டாவது வளைவில் வால் ஆடத் தொடங்கியது.

முதலில் லேசாக. பிறகு யாரோ பிடித்து உலுக்குவதுபோல. கண்ணாடியில் டிரெய்லர் இடப்பக்கம் எட்டிப் பார்த்தது, உடனே வலப்பக்கம். டிரெய்லரைக் கோத்த கொக்கி முனகியது. அடைத்த கேபினுக்குள் மச்சானின் தலையெண்ணெய் வாசனை.

"மிதி மாப்பிள்ளை."

மனைவியின் உதடு அசையவில்லை.

அவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். அந்தக் காலின் மேல் இன்னொரு கால் ஏறியது. அதைப் பிரேக் பக்கமாக நகர்த்தியது.

ஈரமான, கனத்த கால்.

"மிதின்னா மிதிக்கணும்."

செத்தும் அந்த மனுஷருக்கு யோசனை சொல்லும் வியாதி தீரவில்லை. லாரிக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு காலை மேலே இழுத்துப் பிடித்தான். ஒரு கையால் ஸ்டியரிங்கை நேராக வைத்து, மறு கையால் டிரெய்லருக்கு மட்டும் உள்ள கைப்பிரேக்கை மெல்ல மெல்லப் போட்டான். கொக்கி விறைத்தது. ஆட்டம் குறைந்து, குறைந்து, வண்டி ஓரமாக நின்றது.

"அண்ணன் வாசனை வருதுல்ல?" என்றாள் அவள், ரொம்ப மெதுவாக.

இல்லை என்றான். பொய் ஒட்டாத முகம் அவனுக்கு. அவள் கதவைத் திறந்து இறங்கினாள்.

சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். பின்பாரம்தான் ஆட்டியது என்று அவன் டிரெய்லரில் ஏறி, பீரோவை முன்னால் தள்ளிக் கட்டினான். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இனி ஆடாது என்று சொல்லிக்கொண்டே கீழே குதித்தான்.

அவள் முகம் சிவப்பாக இருந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான். டிரெய்லரின் இரண்டு பிரேக் விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. கேபினில் யாரும் இல்லை.

விளக்குகள் அணைந்தன. மறுபடி எரிந்தன. பொறுமை இழந்த ஒருவர் மிதித்து மிதித்துப் பார்ப்பதுபோல.

கீழே இன்னும் பதினோரு வளைவுகள் இருந்தன.