உப்பில் இறுகிய கையுறை

நகர மன்றக் கூடத்தின் கல் தரையில், ஓட்னியின் கையுறைக்கு நேர் கீழே மட்டும் ஈரம் இருந்தது.

மேலே, மூன்று மாடி உயரத்துக்கு, கடலுக்குப் போய்த் திரும்பாத ஆண்களின் கம்பளிக் கையுறைகள் வலைக்கயிற்றில் தொங்கின. நெசவுக் கலைஞர் டோருன் வீடு வீடாகக் கேட்டு வாங்கியவை, குடும்பத்துக்கு ஒன்றாக. வாசற்கதவு திறக்கும்போதெல்லாம் அத்தனையும் மெல்ல அசைய, தாரும் மீனெண்ணெயும் பழைய கம்பளியும் கலந்த வாசனை இறங்கி வந்து தொண்டையில் தங்கியது. பிற்பகல்தான், ஆனாலும் குளிர்காலத்து இருட்டு சன்னல்களை அடைத்து நின்றது. இன்னும் சற்று நேரத்தில் திறப்பு விழா. ஒவ்வொரு கயிறாக இறக்குவார்கள். அவரவர் வீட்டுக் கையுறையை அவரவர் கையில் பிடித்துக்கொண்டு, போனவன் பெயரைச் சொல்ல வேண்டும்.

"கூரை ஒழுகுது. கட்டினவன் ஓஸ்லோக்காரன், மழை இங்க பக்கவாட்டுல அடிக்கும்னு அவனுக்கு யாரு சொன்னா?" என்றாள் பக்கத்து வீட்டு குன்வோர், மெழுகுவத்திகளை அடுக்கியபடி. பிறகு அண்ணாந்து பார்த்தாள். "இருக்கறதுலயே உன் வீட்டுக்காரரோடதுதாண்டி பெருசு. கயிறு சுத்தற இயந்திரத்துல ஒரு விரலக் குடுத்த பிறகும் மனுஷன் கை துடுப்பு மாதிரில்ல இருந்துச்சு."

ஓட்னிக்குக் காது மடல் சுட்டது.

கடலுக்குப் போகிறவனின் கையுறையை இரண்டு பங்கு பெரிதாகப் பின்னுவது அந்தக் கரை வழக்கம். உப்புத் தண்ணீரும் உழைப்பும்தான் அதை இறுக்கி அவன் கைக்கு அளவாக்கும். உறுதிக்காகப் பின்னுகிறவள் தன் தலைமுடியையும் நூலோடு சேர்த்து நூற்பாள். கணவன் ஐலிவ் விட்டுப்போன ஒற்றைக் கையுறை, ஓட்னியின் அந்நாளைய செம்முடியோடு இறுகி, அவள் தலையணைக்கு அடியில் இருந்தது. டோருன் கேட்டபோது அதைக் கொடுக்க மனம் வரவில்லை. இல்லை என்று சொல்லக் கூச்சம். புதிதாக ஒன்று பின்னி, அவருடையது என்று நீட்டிவிட்டாள். அந்தக் கரை வழக்கம் அறியாத டோருன் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கடலையே காணாத கையுறை. அதில் நரைமுடி. கையில் எடுத்தால் ஊர்ப் பெண் எவளுக்கும் தெரிந்துவிடும், ஊரார் துக்கத்தின் நடுவே அவள் பொய்யைத் தொங்கவிட்டிருக்கிறாள் என்று.

குன்வோர் காப்பி எடுத்துவரப் போனாள். அவள் காலடி ஓசை அடங்கியதும் ஓட்னி மேலங்கிக்குள் மறைத்து எடுத்து வந்திருந்த உண்மையான கையுறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மாற்றிவிட்டால் போதும். படிக்கட்டுக் கம்பியில் கட்டியிருந்த தன் கயிற்றை அவிழ்த்தாள்.

கனத்தது.

கம்பளிக்கு இத்தனை கனம் கிடையாது. கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு நழுவியது. சொட்டு. மறுபடி சொட்டு. அவள் நெற்றியில் ஒன்று விழுந்து உதடுவரை வழிந்தது.

உப்பு.

கண்ணுக்கு நேரே வந்து நின்றது கையுறை. சற்று முன்புவரை பெரிதாக இருந்தது. இப்போது இல்லை. பல வருடம் கடலில் உழைத்ததுபோல் சுருங்கி, இறுகி, வழவழத்திருந்தது.

அவளுடையதுதானா? உள்ளே நரைமுடி இருக்கும். பார்த்துவிடலாம். கையை விட்டாள்.

குளிர். ஈரம். அதற்கும் உள்ளே, ஏதோ ஒன்று அவள் விரல்களைத் தேடி வந்து தொட்டது.

அவள் கத்தவில்லை. வெட்கம்தான் முதலில் வந்தது. "ஐலிவ்," என்றாள், குரல் உடைய. "உன்னோடத யாருக்கும் குடுக்க மனசு வரலப்பா. பொய் சொல்லிட்டேன்."

அது அவள் கையைப் பற்றியது. மெதுவாக, விரல் விரலாக. அவள் கண்ணை மூடிக் காத்திருந்தாள், அந்தப் பழகிய இடைவெளிக்காக, விரல் இல்லாத அந்த இடத்துக்காக.

வாசலில் பேச்சுக்குரல்கள். ஊர் வந்துகொண்டிருந்தது.

இடைவெளி வரவில்லை. ஐந்தாவது விரலும் மடிந்து இறுகியது.