திரும்பிப் பார்க்கக் கூடாத அறை

"எனக்குப் பச்சைப் பதிவு வேணும் சார்."

தமிழ்மதி இப்படிக் கேட்டதும் ஸ்டுடியோ முதலாளி முருகானந்தம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் சொன்ன முதல் விதி அது: தொகுப்பாளர் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், கேமரா எடுத்தபடியே கிடக்கும் பதிவை மட்டும் கேட்கக் கூடாது. இணையத்தில் பார்ப்பவர்களுக்கு அவள் நிற்பது கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய அரங்கம். உண்மையில் அது கொடைக்கானலில் ஒரு பழைய பங்களாவின் படுக்கையறை. மூன்று சுவரையும் மூடித் தொங்கும் பச்சைத் துணி, ஒரு முக்காலி, மரத்தரை, அவ்வளவுதான். பச்சை நிறம் எங்கே இருந்தாலும் கணினி அதை அழித்துவிட்டு அரங்கத்தை நிரப்பும். முருகானந்தத்தின் தொழிலே அந்த ரகசியத்தில்தான் ஓடியது.

"பதிவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. சீட்டை நான்தான் மாத்துனேன்னு புதன்கிழமைக்குள்ள எழுதிக் குடு. இல்லைன்னா போலீஸுக்குப் போவேன்."

"செய்யாததை எழுதிக் குடுக்கவா சார் நான் படிச்சேன்? எங்க வீட்டுல மொத மொதல்ல பேனா பிடிச்சவ நான்."

கதவை அறைந்து சாத்திவிட்டு நேராக பஜாருக்கு இறங்கினாள். அங்கே சாகுல் ஹமீதின் ஸ்வெட்டர் கடை மாடியில் அவர் மனைவி ஜாஹிதா இருந்தாள். காப்பீட்டு நிறுவனத்தில் பதினைந்து வருடம் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள். இப்போது யார் வந்து கேட்டாலும் விசாரித்துச் சொல்வாள். குரல் உயராது, பேனா மட்டும் ஓடும். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு சாகுல் ஹமீதும் படியேறி வந்துவிட்டார்.

தமிழ்மதி நடந்ததை ஒப்பித்தாள். ஒரு அறக்கட்டளை, மலையூர்கள் ஒன்பதில் ஓர் ஊருக்கு மட்டும் பூண்டுக் கிடங்கு கட்டித்தர முன்வந்தது. எந்த ஊர் என்று நேரலையில் சீட்டுக் குலுக்கி எடுப்பதாக ஏற்பாடு. கிடங்கு இல்லாத ஊர்க்காரர்கள் ஈரப்பூண்டை வடுகபட்டிச் சந்தைக்கு இறக்கி, கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வரவேண்டியதுதான். அதனால் ஒன்பது ஊர் ஆட்களும் வந்திருந்தார்கள். ஒன்பது சீட்டையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, மடித்து, பித்தளைக் குடத்தில் போட்டார்கள். கேமரா ஓட ஆரம்பித்த பிறகே வெளிக்கூடத்துக்குப் போய் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். குடம் ஒரு நொடிகூடத் திரையை விட்டு மறையக் கூடாது என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. மறையவும் இல்லை.

அறைக்குள் தமிழ்மதி ஒருத்திதான். பக்கத்து அறையில் கணினியில் விக்னேஷ். இருபது நிமிடம் பேசிவிட்டுக் குடத்தில் கைவிட்டாள். வந்தது கரடிமந்தை, அவளுடைய சொந்த ஊர். நிகழ்ச்சி நிரலில் அடுத்து, மீதி எட்டுச் சீட்டையும் பிரித்துக் காட்டவேண்டும். பிரித்தாள். எட்டிலும் கரடிமந்தை. நாலாயிரம் பேர் பார்க்க அவள் வாய் திறந்தபடி நின்றுவிட்டாள்.

"ஒத்திகைக்கு வெளையாட்டா ஒம்பது சீட்டுலயும் எங்க ஊர்ப் பேரையே விக்னேஷ் அச்சடிச்சிருந்தான் அக்கா. அதை நான் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயி குப்பைக்கூடையில கொட்டுனேன். அதான் இது. முந்தானையில மறைச்சுக் கொண்டாந்து மாத்திட்டேங்கறாங்க."

"விக்னேஷ்தான் ஜாஹிதா," என்றார் சாகுல் ஹமீது. "படத்தை அப்படியே நிறுத்தி வச்சுட்டு உள்ள போயிருப்பான்."

"திரையில இவ வாய் அசைஞ்சுக்கிட்டே இருக்குதுங்க. நானும் அந்த நேரலையைப் பார்த்தேன்." ஜாஹிதா தமிழ்மதி பக்கம் திரும்பினாள். "நீ பின்னாடி திரும்பிப் பார்க்கவே இல்லையா?"

"கூடாதுக்கா. பின்னாடி துணிதானே கெடக்கு. எதிர்ல ஒரு டிவி இருக்கும். அதுல அரங்கம் தெரியும், நானும் தெரிவேன். அதைப் பார்த்துத்தான் கை காட்டணும். காதுல விக்னேஷ் பேசிக்கிட்டே இருப்பான்."

"வேற ஏதாச்சும் கவனிச்சியா?"

"பூண்டுக்குப் போடற புகைமூட்டத்து வாசம் ஒரு தடவை வந்துச்சு. எங்க துணியெல்லாம் அந்த வாசம்தான், அடுப்புக்கு மேலதானே பூண்டு கட்டித் தொங்கும்."

"அன்னைக்குக் கட்டியிருந்தது உன் புடவையா?"

"இல்ல. ஸ்டுடியோப் புடவை."

எட்டு ஊரில் தன் பேரைச் சொன்னால் காறித் துப்புகிறார்கள் என்றாள். சொந்த ஊரிலோ, கிடங்கு வந்தாயிற்றல்லவா, வாயை மூடிக்கொண்டு கிட என்கிறார்கள். "எங்கம்மா மட்டுந்தான், 'நல்லாத்தான் பேசுன தாயி, அந்த ஊக்குக் குத்துன செருப்ப மட்டும் மாத்து'ன்னுச்சு."

"அந்தச் செருப்பு இப்ப எங்க?"

"ஸ்டுடியோவுலயேதான் கெடக்கு. மரத்தரையில ஷூ சத்தம் கேக்கும்னு அங்க போடறதுக்காக வச்சிருக்கேன்."

ஜாஹிதா அதையும் எழுதிக்கொண்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளனே மூவரும் பங்களாவுக்குப் போனார்கள். போலீஸ் வந்தால் இந்த அறையைத்தான் முதலில் படம் பிடிப்பார்கள் என்று ஜாஹிதா சொன்னதும் முருகானந்தம் வழிவிட்டார். அவள் உள்ளே போகாமல் பங்களாவைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்தாள். பிறகு அன்றைக்கு மாதிரியே எல்லாம் நடக்கவேண்டும் என்றாள். தமிழ்மதி ஊக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு விளக்குகளுக்கு முன்னால் நின்றாள். கதவு சாத்தப்பட்டது. வெளியே கதவை அடைத்தாற்போல நாற்காலியைப் போட்டு சாகுல் ஹமீது உட்கார்ந்துகொண்டார்.

அவள் பேசினாள். எதிர் டிவியில் கண்ணாடி அரங்கம், முக்காலியில் குடம், பக்கத்தில் அவள். வேறு யாரும் இல்லை. சீட்டை எடுக்கச் சொல்லி விக்னேஷின் குரல் காதில் வந்ததும் குடத்தில் கையை விட்டாள்.

கையில் வந்தது ஸ்வெட்டர் கடை விலைச்சீட்டு. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் அதேதான். டிவியைப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த அறையில் அவள் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு முழம் தள்ளி, பச்சைத் துணிக் குவியலுக்குள்ளிருந்து ஜாஹிதாவின் முகம் மட்டும் எட்டிப் பார்த்தது.

விக்னேஷ் ஓடிவந்தான். முருகானந்தம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எப்படிக்கா வந்தீங்க? கதவுல பாய் உக்காந்திருக்காரே," என்றாள் தமிழ்மதி.

"துணிக்குப் பின்னாடி பழைய குளியலறை. அதுக்கு வெளிப்பக்கம் ஒரு கதவு இருக்கு. வெள்ளைக்காரன் கட்டுன பங்களா எல்லாத்துலயும் இருக்கும். கழிவை அள்ள வர்றவங்க வீட்டு ஆளுங்க கண்ணுல படாம வந்துபோகணும்ல, அதுக்கு."

"அது உள்தாழ் போட்டது," என்றார் முருகானந்தம்.

"மரம் உளுத்துப் போச்சு சார். கதவைக் கொஞ்சம் தூக்கித் தள்ளுனா தாழ் தானா விழுந்துருது. பழகுன ஆளுக்கு அது தெரியும்." ஜாஹிதா கடையிலிருந்து கொண்டுவந்த பச்சைத் துணியை மடித்து வைத்தாள். "விக்னேஷ், உன் கணினியில கேமராப் படம் வரும்ல? அன்னைக்கு நீ பார்க்கலையா?"

"சின்னதா மூலையில ஓடும் மேடம். நான் ஜனங்க கேட்ட கேள்வியைப் படிச்சுக்கிட்டிருந்தேன். பார்த்திருந்தாலும் பச்சை மேல பச்சைதானே."

"சரி. இனி, மாத்துனது யார்னு பார்ப்போம். ஒம்பது சீட்டும் ஒரே பேரு. மீதிச் சீட்டையும் பிரிச்சா மாட்டிக்குவோம்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். பிரிக்கப்போறாங்கன்னு நிரல்ல எழுதியிருக்கு. அதை எழுதுனது தமிழ்மதி. விக்னேஷுக்கும் சாருக்கும் அது மனப்பாடம். அதனால மாத்துனது இந்த மூணு பேருல ஒருத்தரும் இல்ல." அவள் குரல் அப்போதும் உயரவில்லை. "ஏம்மா, உங்க ஊர்க் கோயில்ல சீட்டெடுத்தா மீதியை என்ன செய்வாங்க?"

"பிரிக்காம வெளக்குல எரிச்சிருவாங்க. சாமி சொன்னதுக்கப்புறம் மத்ததைப் பாக்கறது குத்தம்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பதில் அவளுக்கே உறைத்தது.

சாகுல் ஹமீது விரலை மடக்க ஆரம்பித்தார். கரடிமந்தை ஆள். குப்பையில் கிடந்த சீட்டு கைக்கு எட்டிய ஆள். பச்சையின் வித்தை தெரிந்த ஆள். இந்தக் கதவும் தெரிந்த ஆள். "ஊர்ப் பெரிய மனுசன் மலைச்சாமியா இருக்குமோ?"

ஜாஹிதா விக்னேஷிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "திரையில இவ கால் தெரியுமா?"

"இடுப்புக்குக் கீழ எதுவுமே வராது மேடம்."

தமிழ்மதி குனிந்து காலைப் பார்த்தாள். இடது செருப்பின் வாரில் ஊக்கு மின்னியது. இந்தச் செருப்பு ஒரு நாளும் இந்த அறையைத் தாண்டியதில்லை.

போன மாதம் மிஞ்சிய பச்சைத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள், பூண்டு மூட்டையை மூட. அதைப் போர்த்தினால் திரையில் ஒன்றும் தெரியாது என்று சிரித்துக்கொண்டே விளக்கியதும் அவள்தான். "மனுசங்களக்கூடவா தாயி தெரியாது?" என்று அம்மா கேட்டாள். இந்தப் பங்களா விடுதியாக இருந்த காலத்தில் அம்மா பிச்சையம்மாள் பதினோரு வருடம் இங்கே கக்கூஸ் கழுவினாள். முன்படியில் கால் வைக்க அவளுக்கு அனுமதி கிடையாது. அந்தப் பின்கதவுக்கு வெளியே, புல்லில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பையோடு தமிழ்மதி எத்தனையோ சாயங்காலம் காத்திருக்கிறாள். உள்ளேயிருந்து அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

அன்றைக்கு அம்மா இங்கேதான் நின்றிருக்கிறாள். ஒரு முழத் தூரத்தில். மகள் பேசுவதைக் கேட்டிருக்கிறாள், மகளின் பிய்ந்த செருப்பைப் பார்த்திருக்கிறாள், குடத்துக்குள் கையை விட்டிருக்கிறாள். சும்மா திரும்பியிருந்தால் முகத்தில் முகம் முட்டியிருக்கும்.

"எங்கம்மா," என்றாள். குரல் யாருடையதோ போல இருந்தது.

சாகுல் ஹமீது மடக்கிய விரலை மெல்ல விரித்துக்கொண்டார்.

"நீ செய்யலைன்னு காட்டறதுதான் என் சோலி," என்றாள் ஜாஹிதா. "அது முடிஞ்சுது. பச்சைப் பதிவுல துணி நகர்றது தெரியும். உள்ள இருக்கறது யாருன்னு தெரியாது. அதை நான் யாருகிட்டயும் சொல்லப்போறதில்ல."

முருகானந்தம் வேகவேகமாகக் குறுக்கே வந்தார். இயந்திரக் கோளாறு என்று ஒரு அறிக்கை விட்டுவிடலாம், போலீஸும் வேண்டாம், கிடங்கு கரடிமந்தைக்கே இருந்துவிட்டுப் போகட்டும், இந்த அறையைப் பற்றி மட்டும் வெளியே மூச்சு விடக்கூடாது என்றார். தமிழ்மதியின் வேலையும் நிலைக்கும், சம்பளமும் கூடும்.

தமிழ்மதி காதிலிருந்த கருவியைக் கழற்றிக் குடத்துக்குள் போட்டாள். 'ணங்' என்றது.

"விக்னேஷ், அன்னைக்கு எடுத்த பதிவை எடுத்து வை. நாளைக்குப் பதினோரு மணிக்கு நேரலை. இந்தத் துணி அம்புட்டையும் அவுத்துப் போட்டுரு. சுவர், கக்கூஸ் கதவு எல்லாம் தெரியட்டும். ஒம்பது ஊரும் வந்து நின்னு புதுசா சீட்டெடுக்கட்டும்."

"உங்கம்மாவ என்னக்கா பண்ணப்போறீங்க?"

"அவளே சொல்லுவா. நான் போய் வெரசா கூட்டியாறேன்." முருகானந்தத்தை நேருக்கு நேர் பார்த்தாள். "முன்வாசல் வழியா."

ஊக்குச் செருப்பை அங்கேயே உதறினாள். ஷூவை மாட்டிக்கொண்டு, மரத்தரை தடதடவென்று அதிர, திரும்பிப் பார்க்காமல் முன்படி இறங்கிப் பேருந்து நிலையம் பார்த்து நடந்தாள்.