டி டிரைவில் இருந்தவன்

ஆவடி சேக்காட்டில் மழை பிடித்துக்கொண்டால் தெரு எது, கால்வாய் எது என்று தெரியாது. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கன்னியம்மாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம்தான். ஆனாலும் உள்ளே விளக்குப் போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று போர்டு மாட்டிய நாளிலிருந்து எனக்கு எல்லா அவசரமும் மழை நாளில்தான் வருகிறது.

கம்ப்யூட்டர் இருந்தது அவருடைய மகன் தினேஷின் அறையில். வானகரம் பைபாஸில் லாரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் பைக்கோடு நசுங்கிச் செத்துப்போனவன். தலைதிவசம் இன்னும் வரவில்லை. அறையில் தலைக்குத் தடவும் எண்ணெயும் காயாத துணியும் கலந்த வாசனை. கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் நிறைய தண்ணீர்.

"அது அவனுக்கு. வெச்சா கொறையும்பா. தாகம் தாங்க மாட்டான்," என்றார் கன்னியம்மாள்.

புழுக்கத்தில் ஆவியாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பெற்ற மனசிடம் போய் விஞ்ஞானம் பேச முடியுமா?

தினேஷ் ரோட்டுக் கடைகளில் சாப்பிட்டு வீடியோ போட்டவன். எல்லாம் டி டிரைவில் இருந்தது. தினமும் அதைப் பார்த்துத்தான் அந்த அம்மாவுக்குப் பொழுது போகிறது. இப்போது சி டிரைவ் நிரம்பிப்போய் மிஷின் அடிக்கடி நின்றுவிடுகிறது, வீடியோ ஓடுவதில்லை. எப்படியோ ஒன்றை ஓட விட்டேன். "இன்னா மாமே, சாப்ட்டாச்சா?" என்று சிரித்தான் பையன். எல்லா வீடியோவிலும் அதுதான் முதல் வார்த்தை.

சியும் டியும் ஒரே டிஸ்க்தான். ஓர் அறையை நடுவில் தடுத்த மாதிரி. டியில் காலி இடம் நிறைய கிடந்தது. அதில் இருப்பதையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டு, தடுப்பை நகர்த்தினால் சி டிரைவுக்கு இடம் கிடைத்துவிடும். முதலில் எல்லாவற்றையும் என் டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. தலைதிவசம் முடிகிறவரை செத்தவன் பொருள் எதுவும் வாசல்படி தாண்டக்கூடாதாம்.

"ஒண்ணு கூடப் போவக்கூடாது நைனா. அவன் கொரல் அதுல மட்டுந்தான் கீது."

ஒன்றும் போகாது என்று வாக்குக் கொடுத்தேன். என் பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து மிஷினைக் கிளப்பி, வேலையை ஆரம்பித்தேன். இந்த வேலையில் ஒரே ஒரு விதிதான். ஆரம்பித்தால் முடிகிறவரை நிறுத்தக்கூடாது. பாதியில் கரண்டைப் பிடுங்கினால் எல்லாம் போய்விடும்.

திரையில் நீலப் பட்டை ஊர்ந்தது. டிஸ்க் கரகரவென்று அரைத்தது.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் கேட்டது.

யாரோ மூச்சு வாங்கினார்கள்.

ஸ்பீக்கரைப் பார்த்தேன். அதன் வயர் தரையில் கிடந்தது. நானேதான் பிடுங்கிப் போட்டிருந்தேன்.

"அம்மா..."

கன்னியம்மாள் என் தோளைப் பிடித்தார். அவர் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"அம்மா, தள்ளாதேன்னு சொல்லும்மா. எடம் பத்தல."

வீடியோவில் சிரித்த அதே குரல். ஆனால் இப்போது நெஞ்சு அமுங்கிப்போய்ப் பேசியது.

"நிறுத்துப்பா," என்றார் கன்னியம்மாள். "என் புள்ளைய நசுக்கற. நிறுத்து."

என் கை பிளக்குக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

"நிறுத்துனா எல்லாம் அழிஞ்சிடும்மா. ஒண்ணும் மிஞ்சாது."

அவர் பிளக்கைப் பார்த்தார். பட்டையைப் பார்த்தார். பிறகு காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. இத்தனை வருஷம் கற்றுக்கொண்ட தொழில், ஒரு நீலப் பட்டையின் முன்னால் கையைக் கட்டிப் போட்டுவிட்டது. அப்படி ஒரு கையாலாகாத்தனத்தை நான் அனுபவித்ததே இல்லை.

மூச்சு சின்னதாகி, சின்னதாகி, நின்றது.

வேலை வெற்றிகரமாக முடிந்தது என்று திரை சொன்னது.

டியைத் திறந்தேன். ஒரு ஃபைல்கூடக் குறையவில்லை. ஸ்பீக்கர் வயரைத் திரும்பச் செருகி முதல் வீடியோவைப் போட்டேன். பூந்தமல்லியில் ஒரு பரோட்டாக் கடை. கல்லில் பரோட்டா வேகிறது, பஸ் ஹாரன் அடிக்கிறது. தினேஷ் மட்டும் இல்லை. அவன் நின்ற இடத்தில் சுவர் தெரிந்தது. அடுத்தது செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. வறுத்த மீன் தட்டு அந்தரத்தில் நின்றது, பிடித்திருக்கும் கை இல்லை. அந்த முதல் வார்த்தை ஒன்றில்கூட இல்லை.

கன்னியம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டம்ளரை எடுத்துத் தண்ணீரைப் பார்த்தார், திரும்ப அங்கேயே வைத்தார். பென் டிரைவைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசல்படி தாண்டி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் அந்தப் பென் டிரைவைத்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். நேற்றுவரை பாதிக்கு மேல் காலியாக இருந்தது, இப்போது துளி இடமில்லை என்று காட்டியது. உள்ளே என் சாஃப்ட்வேரைத் தவிர ஒரு ஃபைலும் இல்லை.

அப்போது போன் அடித்தது. கன்னியம்மாள்.

"தண்ணி அப்படியே கீதுப்பா," என்றார். அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது. "அவன் சாமான் ஏதாச்சும் எடுத்துகினு பூட்டியா?"

இல்லையம்மா, என் பென் டிரைவ் மட்டும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இரு," என்றார். "பக்கத்துல யாரு பேசறது?"

கடையில் நான் மட்டும்தான் இருந்தேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"சாப்ட்டாச்சான்னு கேக்கறாம்பா. போன அவனாண்ட குடு."

போனை மேசைமேல், வரும் வழியில் வாங்கி வைத்த தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த அம்மா பேசிக்கொண்டே இருந்தார். நடுநடுவே நிறுத்தி, பதில் கேட்டு, மறுபடி பேசினார்.

மூடி திறக்காத அந்தப் பாட்டிலில் தண்ணீர் மெல்லக் குறைந்துகொண்டே வந்தது.