மார்சிலிங்கிலிருந்து கோவிந்தராசு பேசுறேன்

மழை பிடிப்பதற்குச் சற்று முன் சந்திரமதி அந்தப் பழைய கடைவீட்டின் மாடிப்படி ஏறினாள். கீழே பூக்கடை, மேலே வானொலி நிலையம். ஏற ஏற மல்லிகை மணம் பின்தங்கி, நனைந்து காய்ந்த கம்பளத்தின் வாடை எதிர்கொண்டது.

'மாலை மன்றம்' நிகழ்ச்சியை நடத்தும் ரஞ்சன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"வாங்கம்மா. பயப்படாதீங்க. உங்க வீட்டுக்காரர் கேட்டு வாங்கின சிக்னலைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசினாப் போதும்."

"கேட்டாரு. வாங்கலையே தம்பி," என்றாள் அவள்.

ரஞ்சன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் கோவிந்தராசு அந்த நிகழ்ச்சியின் விடாக்கண்டன். பேருந்துக் கட்டணமோ, நாடாளுமன்ற விவாதமோ, பள்ளியில் தமிழோ, எதைப் பற்றிப் பேச்சு நடந்தாலும் கூப்பிடுவார். எதில் தொடங்கினாலும், மார்சிலிங்கில் தன் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே லாரிகள் பறக்கும் சாலையில் கொண்டுவந்து முடிப்பார். "வயசானவங்க எப்படித் தாண்டுறது? ஒரு பச்சை விளக்குப் போடக்கூடாதா?" தொகுதிக் கூட்டத்திலும் கேட்டுப் பார்த்தார். ஆகட்டும் என்றார்கள். போன வருடம் ஒரு மழை மாலையில் அதே சாலையில் லாரி அவரை அடித்துப் போட்டது. விளக்கு அதற்கப்புறம் வந்தது.

அவளுக்கு ஒன்றுதான் இன்றுவரை விளங்கவில்லை. அத்தனை ஜாக்கிரதையான மனிதர் ஏன் இறங்கினார்? பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் சொன்னார்கள்: அண்ணாந்து எதையோ பார்த்துச் சிரித்தார், கையை ஆட்டினார், அப்படியே சாலையில் இறங்கிவிட்டார்.

ஒலிபரப்பு அறையின் கதவு மூடியதும் வெளிச்சத்தம் அறுந்தது. சுவரெல்லாம் பஞ்சு. தன் மூச்சே தனக்குக் கேட்டது. நேயர்கள் வரிசையாகக் கூப்பிட்டார்கள். ஈசூனிலிருந்து ஒரு பெண் மின்தூக்கியைப் பற்றிப் புலம்பினாள். ஒருவர் அரசாங்கத்தைப் பாராட்டினார், அடுத்தவர் திட்டினார். சந்திரமதிக்குக் கணவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றே ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த அழைப்பு வந்தபோது திரையில் எண் எழவில்லை.

காதில் முதலில் மழைதான் விழுந்தது. ஈரச் சாலையில் டயர்கள் கிழித்துக்கொண்டு போகும் ஓசை.

"வணக்கம் தம்பி. மார்சிலிங்கிலேர்ந்து கோவிந்தராசு பேசுறேன்."

ரஞ்சனின் கை பொத்தானை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது.

"ரொம்ப நேரமா நிக்கிறேன் தம்பி. லாரிக்காரன் ஒருத்தனும் நிறுத்த மாட்டேங்கிறான். எப்பத்தான் ஒரு விளக்குப் போடுவாங்க?"

யாரோ விளையாடுகிறார்கள் என்று ரஞ்சன் வாயசைத்தான். ஆனால் அந்த இருமலை அவளுக்குத் தெரியும்.

"ஏங்க," என்றாள்.

"சந்திராவா? நீ எங்க ரேடியோவுல?"

"தேக்காப் பக்கம் வந்தேங்க. நீங்க எங்க இருக்கீங்க?"

"பஸ் ஸ்டாப்புல. என்ன வெளையாட்டு இது? வீட்டு ஜன்னல்ல நின்னு கையைக் காட்டிக்கிட்டே ரேடியோவுல பேசுறியா?"

அறையில் குளிர் கூடியது.

வீட்டைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். ஒரே மகள் பெர்த்தில் இருக்கிறாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"அது நான் இல்லீங்க."

"நீதான். பச்சை ரவிக்கை. தினமும் இந்த நேரத்துக்கு வா வான்னு கூப்பிடுறியே."

அவர் இறந்த அன்றும் அவள் வீட்டில் இல்லை. தேக்காச் சந்தை மாடியில் ஒரு தையல் கடையில் வேலையாக இருந்தாள்.

"இரு, வந்துட்டேன்," என்றார் அவர். ஹாரன் ஒன்று நீளமாக அலறியது.

"இறங்காதீங்க!" சந்திரமதி எழுந்துவிட்டாள். "அங்கேயே நில்லுங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன். நான் வர்ற வரைக்கும் தம்பிகிட்ட பேசிக்கிட்டு இருங்க."

ரஞ்சனின் மணிக்கட்டைப் பிடித்தாள். "பேச்சுக் கொடுத்தா நிறுத்த மாட்டாரு. விட்டுடாதீங்க தம்பி," என்று கிசுகிசுத்தாள்.

அவன் கண் கலங்கியிருந்தது. ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டான். "ஐயா... பஸ் கட்டணம் ஏறுதாமே. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

*

டாக்சி ஓட்டுநர் யாசர் வானொலியை அந்த அலைவரிசைக்கு மாற்றித் தந்தார். கண்ணாடியில் மழை அறைந்தது. வழி நெடுகக் கோவிந்தராசு பேசிக்கொண்டே வந்தார். கட்டணம், உணவுக்கடை விலைவாசி, தேர்தலுக்கு முன் வீடு வீடாக வந்து கைகுலுக்கியவர்கள். நடுவே, "சந்திரா செய்யிற மீன் சம்பல் மாதிரி வராது தம்பி," என்று சிரித்தார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"என்ன ஆன்ட்டி இது," என்றார் யாசர். "ரேடியோக்காரரு கேள்வி கேட்டுட்டுச் சும்மா இருக்காரு. பதிலே வரலையே லா."

அந்தக் குரல் யாசருக்குக் கேட்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

பஸ் ஸ்டாப்பில் இறங்கினாள். ஒருவரும் இல்லை. ஆனால் கூரையின் ஒரு மூலையில் தைல வாசனை அடர்ந்திருந்தது. இரவில் அவர் முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்ளும் தைலம். அந்த இடத்தில் போய் நின்றாள்.

"வந்துட்டேங்க."

கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஈரமான குளிர்ச்சி ஒன்று வந்து பொருந்தியது.

விளக்குக் கம்பத்தின் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு எரிந்தது. லாரிகள் தண்ணீரை வாரியடித்துப் போயின.

வேண்டாம் என்று நினைத்தும் நிமிர்ந்து பார்த்துவிட்டாள்.

மூன்றாம் மாடியில், அவள் வீட்டு ஜன்னலில், பச்சை ரவிக்கை போட்ட ஒருத்தி நின்றாள்.

கையை ஆட்டினாள்.

பிடித்திருந்த குளிர்ச்சி சாலைப் பக்கமாகச் சுண்டி இழுத்தது. சந்திரமதி இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"அங்க பாக்காதீங்க. என்னைப் பாருங்க. என்னைப் பாருங்கன்னா!"

லாரி ஒன்று உரசினாற்போல் போனது.

பச்சை விழுந்தது.

"பாத்தீங்களா," என்றாள் அழுகையினூடே. "போட்டுட்டாங்க. நீங்க கேட்டீங்கல்ல, போட்டுட்டாங்க."

அவர் நடைக்கு ஏற்ப மெல்ல நடந்தாள், கோயிலுக்குப் போகும்போது நடப்பதுபோல. பாதி வழியில் அந்தப் பிடி இளகி வெதுவெதுப்பானது. எதிர்ப் பக்கம் ஏறியதும் நின்றாள். இந்த ஒரு வருடமாக அவர் திரும்பி வரவேண்டும் என்று வேண்டாத சாமி இல்லை. இப்போது வந்திருக்கிறார். ஆனால் அந்த வீட்டுக்கு எப்படிக் கூட்டிப்போவாள்?

"வீட்டுக்கு வேணாங்க," என்றாள். "நீங்க கிளம்புங்க. நான் இருந்துக்குவேன்."

கை வெறுமையானது. மழைதான் விழுந்துகொண்டிருந்தது.

நடைபாதையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவர் இறந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

பைக்குள் கைப்பேசி அடித்தது. ரஞ்சன்.

"அம்மா, அவர் லைன் கட்டாயிடுச்சு. கடைசியா 'தாண்டிட்டேன் தம்பி'ன்னாரு. நீங்க வீட்டுக்குப் போயிட்டீங்கதானே?"

"இல்ல தம்பி. கீழதான் இருக்கேன்."



"அப்ப உங்க வீட்டு நம்பர்லேர்ந்து இப்பக் கூப்பிட்டது யாரும்மா? உங்க குரல்தான். உங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாங்க."

"என்னன்னு?"

"'அவரைத்தான் அனுப்பிட்டாளே, இனிமே தனியாத்தானே இருப்பா, மேல வரச் சொல்லுங்க'ன்னு."