சுடாத விளக்கு

"ஐயோ... என் புருஷனைக் கொன்னுட்டாளே பாவி!"

அத்தையின் அலறல் மாடிப்படியில் உருண்டு, கீழ்க் கடை வரை போனது.

மாடி அறை. வரிசையாகத் தக்காளி நாற்றுகள். அவற்றுக்கு மேலே, வெயிலுக்குப் பதிலாக, அத்தை வளர்த்த பெண் தன் கையால் செய்து தொங்கவிட்ட இரண்டு எல்.இ.டி. விளக்குகள். ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அணைந்துபோன மற்றதன் கீழே...

மாமா!

வலது உள்ளங்கை கருகியிருந்தது. உயிர் இல்லை.

"இது எந்தக் கம்பெனி லைட்டு?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நான்தான் சார் செஞ்சேன்."

"நீயா? என்ன படிச்சிருக்கே?"

"ஒன்பதாவதோட நின்னுட்டேன்."

"அதான் லட்சணம் தெரியுதே!" குறுக்கே பாய்ந்தார் கீழ்க் கடைக்காரர். மாமாவின் கட்டடத்தில் பத்து வருஷமாக விளக்கு விற்பவர். "கடையில வாங்கும்மான்னு தலையால அடிச்சுக்கிட்டேன் சார். கேட்டாளா? லைட்டு கொதிச்சு, வயர் உருகி, அலுமினியத்துல கரண்ட் பாஞ்சிருக்கு. மனுஷன் தொட்டாரு... முடிஞ்சுது!"

வயர் உருகித்தான் இருந்தது.

"நாத்துக்கு மண்ணு வாங்கப் போனேன் சார். வர்றதுக்குள்ள..." அவள் குரல் உடைந்தது.

"ஸ்டேஷனுக்குக் கிளம்பு."

"வர மாட்டேன்!"

"என்னது?"

"மாமாவுக்காக ஆயுசு முழுக்க அழறேன் சார். ஆனா என் லைட்டு கொன்னுச்சுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். ரெண்டும் ரெட்டைப் பிள்ளைங்க. இது காலையிலேர்ந்து எரியுது. பாருங்க!"

ஸ்டூலில் ஏறினாள். எரியும் விளக்கின் முதுகில்... உள்ளங்கையை அழுத்தி வைத்தாள்!

"ஏய்! கையை எடு!"

எடுக்கவில்லை. ஒரு நிமிடம்... இரண்டு... மூன்று...

கையை விரித்துக் காட்டினாள். சிவக்கக்கூட இல்லை!

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "ஃபேன் ஓடற வரைக்கும் சுடாது சார். அந்த லைட்டோட ஃபேன் நின்னுபோச்சு. கரகரன்னு இழுத்துக்கிட்டு நின்ன சத்தம் என் கடைக்கே கேட்டுச்சு. ஓடி வந்தேன்... அதுக்குள்ள விழுந்து கிடந்தாரு."

"நல்லாக் கேட்டுச்சாண்ணே?"

"இதே காதால கேட்டேன்!"

அவள் இறங்கினாள். ஸ்டூலை மாமாவுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள்.

"சார்... நீங்க ஏறிப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் ஏறினார். அணைந்த விளக்கின் முதுகில், பழைய ஜன்னல் சட்டத்தை அறுத்துச் செய்த அலுமினியத் தகடுகள், சீப்பின் பற்களாக நிமிர்ந்து நின்றன. நடுவே விரல் நுழையும் சந்துகள்.

அவ்வளவுதான்.

"ஃபேன் எங்கேம்மா?"

"வெச்சாத்தானே சார்! சூடு தானா இந்தச் சந்து வழியா மேல போயிடும். குளிர்ந்த காத்து தானா கீழேர்ந்து வரும். இவரு விக்கிற லைட்டு எல்லாத்துலயும் ஃபேன் உண்டு. என்னுதுலயும் இருக்கும்னு நெனச்சுட்டாரு!"

இன்ஸ்பெக்டர் கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நேத்துதான் இவருகிட்ட... கடையைக் காலி பண்ணுய்யா, எங்க பொண்ணு லைட்டு செஞ்சு விக்கப் போறான்னு அவர் சொன்னாரு..."

கடைக்காரர் வாசலுக்குப் பாய்ந்தார். கான்ஸ்டபிளின் தோளில் மோதி விழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு லைட்டர் தெறித்து ஓடியது!

"வேற வயரால ஷாக் குடுத்துட்டு, இந்த வயரை லைட்டரால சுட்டு வெச்சீரா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

கடைக்காரருக்கு வியர்வை வழிந்தது.

"சார்... ரொம்பப் புழுக்கமா இருக்கு..."

இன்ஸ்பெக்டர் விலங்கைப் பூட்டினார்.

"எங்க லாக்கப்புல ஃபேன் கிடையாது. உமக்கென்னய்யா... இல்லாத ஃபேனே சத்தம் போட்டு ஓடுமே!"